பெயர் எழுதாத கல்

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தைப் பார்க்கவேண்டும் என்று நான் அன்று வீட்டிலிருந்து புறப்படவில்லை. அம்மாவின் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. வெம்பாக்கத்தில் முதல் பேருந்தைப் பிடித்து, செய்யாறு, ஆற்காடு என்று மாறி மாறி வேலூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, கண்பாவை விரிய நேரமாகும், அதன் பிறகும் இரண்டு சோதனைகள் இருக்கின்றன என்றார்கள். உடன் வந்திருந்த சித்தி, "நான் இருக்கேன், நீ போய் எதனா சாப்ட்டு வா" என்று என்னை அனுப்பிவைத்தார். சாப்பிட்டு முடித்தும் இரண்டு மணி நேரம் மிச்சம் இருந்தது. அகழிக்கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கோட்டைக்குள் ஓடினேன். கண்ணில் பட்ட முதல் கூரை அருங்காட்சியகத்தினுடையது.

இப்படி மழைக்கு ஒதுங்கிய இடத்தில், அண்மையில் இறந்துபோன இரண்டு பேரைப் பற்றி இவ்வளவு யோசிப்பேன் என்று எனக்குத் தெரியாது. அந்த இருவரும் எனக்கு உறவினர்கள் இல்லை. எங்கள் எதிர்வீட்டுக்காரர்கள். தாத்தா, ஆயா என்றுதான் பிறந்ததிலிருந்து கூப்பிட்டுப் பழக்கம். ஆயா ஆடி மாதம் போனார். தாத்தா புரட்டாசியில். இடையில் ஐம்பத்து நான்கு நாட்கள்.

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு பொருட்களின் முன் நிற்பார்கள். ஒன்று, வேலூர் வட்டாரத்தில் கிடைத்த, கைப்பிடியில் இரண்டு கொம்புகள் போல் கிளைத்து நிற்கும் பழைய வெண்கல வாள். மற்றொன்று, கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனோடு தொடர்புடைய தந்தச் சதுரங்கப் பொருட்கள். நாயக்கர் மரபைச் சேர்ந்த அந்த அரசர் 1815இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, அடுத்த ஆண்டு இந்தக் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார். பதினாறு ஆண்டுகள். நாடிழந்த ஒருவர் மாலை நேரங்களில் தந்தத்தாலான ராஜாவையும் குதிரைகளையும் நகர்த்திக்கொண்டிருந்த காட்சியை மனத்தில் கொண்டுவந்து பார்த்தேன்.

அங்கேதான் தாத்தாவின் நினைவு முதலில் வந்தது. அவர் வீட்டுத் திண்ணையில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகள் சிமெண்ட் பூசும்போதே கீறப்பட்டிருந்தன. ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்கு உடைந்த ஓட்டுச்சில்லு. தறியிலிருந்து எழுந்துவந்து கால் நீட்டி உட்காரும் அரைமணி நேரத்தில் எங்களில் யாரையாவது கூப்பிடுவார். அவர் எப்போதும் ஆடுதான் வைத்துக்கொள்வார். புலியை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, பொறுமையாக ஒவ்வொரு கொட்டையாக இறக்கி, கடைசியில் புலியை அசையவிடாமல் கட்டிப்போடுவார். சிறுவயதில் அது ஏதோ மந்திரம் என்றே நினைத்திருந்தேன்.

அவர்களுடையது குழித்தறி. காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்ப்பக்கம் பட்டுத்தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருந்து, இரண்டும் நூலுக்கு நூல் பிணைந்து ஒன்றாகும் நெசவுக்குக் கோர்வை என்று பெயர். அதற்கு மூன்று நாடா வேண்டும். இரு கரைகளுக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. நெய்கிறவர் இரண்டைத்தான் கையாள முடியும். மூன்றாவது நாடாவைப் போட இன்னொருவர் பக்கத்தில் உட்காரவேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலான வீடுகளில் மனைவிதான்.

ஆயா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கரையோரம் உட்கார்ந்திருந்தார். தாத்தா மிதியை மாற்றும் ஒலி கேட்டதும் ஆயாவின் கை தானாக நீளும். அவர்கள் அப்போது பேசிக்கொள்வதில்லை. பேசவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆயாவுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் பக்கத்துவீட்டுப் பிள்ளைகளான எங்களை உட்காரவைப்பார்கள். நாடா என் கையிலிருந்து நழுவி ஒரு பட்டிழை அறுந்த நாளில் நான் கோபத்தோடு நூலை இழுத்தேன். தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நூலு மேல கோவத்தக் காட்டாத கண்ணு. அது அறுந்துக்கும். அப்புறம் நாமதான முடி போடணும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கைகளில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இழையை முறுக்கிப் பிணைத்தார்.

*

மழை விடவில்லை. கற்சிலைகள் இருக்கும் பகுதிக்கு வந்தேன். பிற்காலப் பல்லவர் காலத்திலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலான சிற்பங்கள். கடவுளர்களைத் தாண்டிப் போனால் நடுகற்கள். இந்த வடாற்காட்டு நிலம் நடுகற்களின் நிலம். அருங்காட்சியகத்தில் இருப்பவை மிகச்சில. வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வாங்கிக்கொண்டிருப்பவை ஏராளம்.

நடுகல்லின் அமைப்பு எளியது. ஒரு பலகைக்கல். அதில் புடைப்பாக ஒரு வீரன். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். உடலில் அம்புகள் தைத்திருக்கும். சிலவற்றில் காலடியில் கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டிருக்கும். தலைக்கு மேலோ பக்கவாட்டிலோ வட்டெழுத்தில் நான்கைந்து வரிகள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்ன ஊரில் தொறு கொண்டபோது, அல்லது தொறு மீட்டபோது, இன்னாருடைய சேவகன் இன்னான் பட்டான், அவன் கல். தொறு என்றால் கால்நடைக் கூட்டம். பட்டான் என்றால் இறந்தான். இரங்கலோ, சொர்க்கம் பற்றிய பேச்சோ, பெரும்பாலும் புகழுரையோகூட இருக்காது. ஒரு மரணச் செய்தியை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

செங்கம் வட்டாரத்தில் மட்டும் இப்படிப்பட்ட கற்கள் கூட்டங்கூட்டமாகக் கிடைத்தன. இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை வெளியிட்ட பிறகுதான் அவற்றின் முக்கியத்துவம் பரவலாக உணரப்பட்டது. இதில் ஒரு வியப்பு உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடுவது. செங்கண்மா இன்றைய செங்கம்தான். நன்னனைத் தேடிப்போகும் கூத்தர்களுக்கு வழிசொல்லும்போது, பெயரெழுதி நடப்பட்ட கற்கள் நிற்கும் கவர்வழிகளைப் புலவர் பெருங்கௌசிகனார் குறிப்பிடுகிறார். பாட்டில் சொல்லப்பட்ட அதே மலைப்பக்கத்தில், சில நூற்றாண்டுகள் பிந்தியவையானாலும், அதே மரபுக் கற்கள் நம் காலத்தில் கிடைத்திருக்கின்றன. அதற்கும் முந்தைய சான்று 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்தது. தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த நடுகற்கள். ஆகோளில் இறந்த ஒருவனின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கல் சொல்லத் தொடங்கிவிட்டது.

எனக்கு மிகவும் நெருக்கமான நடுகல் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு. அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதி. எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனின் கல் அது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. மகேந்திரவர்மன் தன் பெயரையும் பட்டங்களையும் குடைவரைகளில் வெட்டிவைத்தவன். எங்கள் ஊருக்கு அருகில் மாமண்டூர்க் குன்றிலும் அவன் காலத்துக் குடைவரையும் வடமொழிக் கல்வெட்டும் இருக்கின்றன. அந்த அரசனின் ஆட்சியாண்டைத் தலையில் சுமந்துகொண்டு, ஒரு காட்டோரக் கிராமத்தில், ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டையிட்ட சேவல் ஒன்றுக்கும் கல் உண்டு.

நாய்க்கும் சேவலுக்கும் கல் எடுத்தவர்கள் யார்? அரசன் இதற்காக வந்திருக்கமாட்டான். அந்த நாய் எந்த வாசலில் படுத்திருக்கும் என்று தெரிந்தவர்கள்தான் அதன் பெயரைக் கல்தச்சனிடம் சொல்லியிருக்க முடியும். நடுகல்லில் நாம் படிப்பது பக்கத்துவீட்டாரின் சாட்சியத்தை என்று எனக்குத் தோன்றுகிறது.

*

அங்கே நின்றபடி எங்கள் ஏரிக்கரையை நினைத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் தாத்தாவின் கருமாதி அங்கே நடந்தது.

தொல்காப்பியம் புறத்திணையியலில் நடுகல்லுக்கு ஆறு நிலைகள் சொல்லப்படுகின்றன. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். தகுந்த கல்லைக் கண்டடைவது, எடுத்துவர நாள் கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. இதைக் கல்லூரியில் படித்தபோது வழக்கொழிந்துபோன ஒரு சடங்கின் பட்டியல் என்றே எண்ணினேன். அன்று ஏரிக்கரையில் தாத்தாவின் மகன் ஈரவேட்டியோடு ஒரு சிறு கல்லைத் தேடி எடுத்தார். அதைக் கழுவினார். கரையில் ஊன்றினார். மஞ்சளும் பூவும் வைத்து, தாத்தாவுக்குப் பிடித்த பண்டங்களை வாழையிலையில் படைத்தோம். தாத்தாவுக்குச் சுருட்டுப் பழக்கம் உண்டு. ஒரு சுருட்டையும் வைத்தார்கள். அதியமானின் நடுகல்லில் சிறு கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்களே, இதை அவன் கொள்வானா என்று அழுத ஔவையைப் போல் யாரும் அங்கே பாடவில்லை. ஆனால் ஒரு மூதாட்டி, "ஆயா இல்லாம தனியா தறில குந்த முடியாம பூட்டியே" என்று சொல்லி அழுதார். எனக்கு அது போதுமான வாழ்த்தாகவே இருந்தது.

பிறகு ஒரு வேறுபாடு. வணங்கி முடித்ததும் அந்தக் கல்லைப் பிடுங்கி ஏரிக்குள் விட்டுவிட்டார்கள். எடுத்தனூர்க் கல் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. தாத்தாவின் கல் ஒரு காலைப்பொழுது நின்றது. அதில் பெயரும் எழுதவில்லை.

ஆனால் பழங்காலத்தைப் புகழ்ந்துவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்வது எளிது; நேர்மையாகாது. நடுகற்கள் எல்லோருக்கும் நடப்பட்டவை அல்ல. பூசலில் விழுந்தவனுக்கும், ஊரைக் காத்து மாண்டவனுக்கும், புலியோடும் பன்றியோடும் பொருதவனுக்கும், பிற்காலத்தில் உடன்கட்டை ஏறியவளுக்கும் கல் உண்டு. இறந்த வீரனின் குடும்பத்துக்கு நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்ற பெயர்களில் நிலம் கொடுக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. நெய்த்தோர் என்றால் குருதி. அந்த நிலம் அன்பின் அடையாளம் மட்டுமன்று. அடுத்த பூசலுக்கு ஆள் வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கவேண்டும். வயதாகி, நெஞ்சில் சளி கட்டி, தன் வீட்டுக் கயிற்றுக்கட்டிலில் இறந்த நெசவாளிக்குக் கல் எடுக்கும் வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் நெசவாளர் வரலாற்றில் எங்கே இருக்கிறார்கள்? கூட்டமாக இருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு ஒன்று உண்டு. பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தது. காஞ்சிபுரத்து ஊரகத்துப் பெருமாள் கோயிலின் வரவுசெலவைக் கவனிக்கும் பொறுப்பு பட்டசாலியர் என்னும் நெசவாளர் வாழ்ந்த சேரிகளிடம் ஒப்படைக்கப்பட்டதை அது விவரமாகச் சொல்கிறது. சேரிகளின் பெயர்கள்கூட இருக்கின்றன. தெய்வத்தின் பணத்தை நம்பிக் கொடுக்கும் அளவுக்கு நெசவுத் தெருக்களுக்கு மதிப்பு இருந்தது என்று பொருள். சோழர் படைகளில் தெரிஞ்ச கைக்கோளர் என்ற பிரிவுகள் இருந்தன. அந்தப் படைக் கைக்கோளரும் தறிக் கைக்கோளரும் ஒருவரேயா என்பதில் ஆய்வாளரிடையே விவாதம் உண்டு. விஜயநகரக் காலத்தில் கைக்கோளர் பல்லக்கில் செல்லவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றதையும், அதற்குக் காஞ்சிபுரத்து வழக்கம் முன்மாதிரியாகக் காட்டப்பட்டதையும் விஜயா ராமசாமி இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர் பற்றிய தமது 1985ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்திருக்கிறார். உரிமைக்காகக் கூடி நின்றவர்களாக, வரி கொடுத்தவர்களாக, வரி தாளாமல் ஊரைவிட்டு வெளியேறியவர்களாக அவர்கள் தென்படுகிறார்கள். தனியொருவன் எப்படி நெய்தான், அவனருகே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு இடமில்லை.

ஆங்கிலேயர் வந்தபோது துணியின் மீது கவனம் கூடியது. இன்று ஆரணி என்றால் பட்டு. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரணியின் மெல்லிய பருத்தி மஸ்லினும் பேர்பெற்றதாக இருந்தது. அந்த நூற்றாண்டில் நடந்த ஒரு காரியத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பும் கசப்பும் ஒன்றாக வரும். லண்டனில் இந்தியா மியூசியத்தின் பொறுப்பில் இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல் இந்தியத் துணிகளின் மாதிரிகளைத் தொகுத்தார். 18 தொகுதிகள். அவற்றில் 700 துண்டுகள். உண்மையான துணியையே வெட்டி ஒட்டி 20 படிகள் செய்தார்கள். அவற்றில் 13 பிரிட்டனின் தொழில் நகரங்களுக்கும் நிறுவனங்களுக்கும் போயின, 7 இந்தியாவுக்கு. இந்திய மக்கள் எதை உடுத்த விரும்புகிறார்கள் என்பதை பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதையே இயந்திரத்தில் செய்து இங்கே விற்கவேண்டும் என்பது நோக்கம். படி ஒவ்வொன்றும் ஓர் அருங்காட்சியகம் என்பதே வாட்சனின் கருத்து.

அந்த மாதிரிகளுக்குக் குறிப்புகள் உண்டு. எந்த ஊர், என்ன நீளம், என்ன அகலம், என்ன எடை, என்ன விலை. மிகக் கவனமான வேலை. இன்றைய ஆய்வாளர்களுக்கு அது ஒரு கருவூலம். 700 துண்டுகள். நெய்தவர் பெயரைக் குறிக்க அதில் ஒரு கட்டம் இல்லை. எடுத்தனூரில் நாய்க்குக் கிடைத்தது, உலகத்துக்கே துணி நெய்தவனுக்குக் கிடைக்கவில்லை. வாட்சனை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நம்முடைய கணக்குகளும் அப்படித்தான். 2009-10இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டில் 43.31 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2019-20இல் 35.22 லட்சம். பத்தாண்டுகளில் எட்டு லட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் தறிக்குழியை மண்போட்டு மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள் என்பதை அந்த எண்களுக்குள்ளிருந்து பிரித்தெடுக்க முடியாது. தாத்தாவின் மகன் திருப்பூருக்குப் போய் இருபது ஆண்டுகள் ஆகின்றன. அவரும் அந்த எட்டு லட்சத்துக்கு முன்பே கணக்கிலிருந்து போனவர்.

*

மழை குறைந்தபோது மணி ஒன்றரை. மருத்துவமனைக்குத் திரும்பினேன். அம்மா கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். "எங்கடா பூட்ட?" என்றார். அருங்காட்சியகம் என்றேன். "கல்ல பாக்கவா இம்மாம் நேரம்?" என்று கேட்டுவிட்டு, சிறிது நேரம் கழித்து, "நம்ம ஊர்ல இல்லாத கல்லா" என்றார்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வட்டாரத்தில் பிரம்மதேசம் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள சந்திரமௌலீசுவரர் கோயிலில் முதலாம் ராஜாதிராஜனின் இருபத்தாறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கங்கையும் கடாரமும் கொண்ட ராஜேந்திர சோழன் 1044இல் இறந்தபோது, அவன் தேவி வீரமாதேவியும் அவனோடு உயிர்விட்டாள். அவர்கள் இருவருடைய தாகம் தீரட்டும் என்று, அவளுடைய உடன்பிறந்தவனான சேனாபதி மதுராந்தகன் பரகேசரி வேளான் அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு ஏற்பாடு செய்தான். அந்தக் கல்வெட்டு சொல்லும் செய்தி இதுதான்.

அவன் படைத்தலைவன். நினைத்திருந்தால் விமானம் எழுப்பியிருக்கலாம். தமக்கையோ தங்கையோ, அவள் நெருப்பில் போனதைப் பார்த்தவனுக்கு முதலில் தோன்றியது தண்ணீர். வழிப்போக்கர்கள் குடித்துவிட்டுப் போவார்கள். யாருக்காக வைத்த தண்ணீர் என்று குடிப்பவருக்குத் தெரியவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. உடன்கட்டை ஏறுவதை நான் எந்த வகையிலும் புகழவில்லை. அந்தக் காலத்துக் கொடுமைக்கு நடுவில், ஒரு சகோதரனின் துக்கம் எந்த உருவம் எடுத்தது என்பதையே கவனிக்கச் சொல்கிறேன். இறந்தவர்களை நினைப்பதற்கு நம் முன்னோரிடம் குறைந்தது இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன. ஒன்று பெயரைக் கல்லில் எழுதுவது. மற்றொன்று, இறந்தவருக்காக ஒரு பயன்படும் காரியத்தைச் செய்து, அதைத் தெரியாதவர்கள் கையில் விட்டுவிடுவது.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது தாத்தா, ஆயா இருவரின் பெயரையும் ஊரோடும் தெருவோடும் எழுதிவிடவேண்டும் என்ற முடிவோடு இருந்தேன். ஃபோர்ப்ஸ் வாட்சன் விட்ட கட்டத்தை நானாவது நிரப்புகிறேன் என்ற ஆவேசம். மரியாதைக்காக அவர்கள் மகளிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "வேணாம் அண்ணா. அப்பாக்கு பேரு போட்டா புடிக்காது. பத்திரிகை அடிக்கறப்பகூட என் பேரு சின்னதா போடுன்னுதான் சொல்லும்" என்றார். அவர் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதனால் பெயர்களை எழுதவில்லை. நடுகல்லில் பெயருக்கு அடுத்து இருப்பது செயல். அதை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

ஆயா போன பிறகு தாத்தாவால் கோர்வை நெய்ய முடியவில்லை. கரை ஒட்டாத சாதாரண நெசவுக்கு மாறிக்கொள்ளலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. ஏற்கெனவே தறியில் ஏற்றியிருந்த பாவு கோர்வைக்கானது. ஒரு பாவில் மூன்று சேலை. முதல் சேலை ஆயா இருந்தபோதே அறுத்தாகிவிட்டது. இரண்டாவதில் பாதி நெய்திருந்தபோது ஆயா படுத்தார். மிச்சப் பாதியைத் தாத்தா ஒற்றையாளாக நெய்தார். உடலுக்கு ஒரு நாடா போட்டுவிட்டு, எழுந்து, நகர்ந்துபோய் ஆயாவின் இடத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுவிட்டு, மறுபடியும் தன் இடத்துக்கு வருவார். தறிக்குழியில் இறங்கி ஏறும் அந்த வயதான கால்களை ஜன்னல் வழியாக அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு நாள் பொறுத்துவிட்டு, மூன்றாம் நாள் பக்கத்துவீட்டு அக்கா ஒரு பேச்சும் பேசாமல் போய் ஆயாவின் இடத்தில் உட்கார்ந்தார். அதன் பிறகு தினமும் பிற்பகல் போனார்.

மூன்றாவது சேலையில் முந்தி இன்னும் இரண்டு முழம் மிச்சம் இருந்தபோது தாத்தா போனார். தறியில் நிற்கும் பாவை அப்படியே விட்டுவைக்கக்கூடாது, பட்டு சுணங்கிப்போகும். மூன்றாம் வீட்டுத் தறிக்காரர் ஒருவர், தாத்தாவிடமே தொழில் பழகியவர், காரியம் முடிந்த மறுநாள் அந்தக் குழியில் இறங்கினார். பக்கத்தில் அதே அக்கா. நான்கு நாட்களில் முந்தியை முடித்து அறுத்தார்கள். கூலியை மகளிடம் கொடுத்துவிட்டார்கள்.

சேலையை மடிப்பதற்கு முன் தெருவில் விரித்துப் பிடித்தோம். பாக்குநிறத்தில் உடல், பச்சைக் கரை. எந்த இடத்தில் தாத்தாவின் கை நின்று அடுத்தவர் கை தொடங்கியது என்று நானும் அம்மாவும் குனிந்து தேடினோம். அம்மாவின் கண்ணுக்குப் புரை. எனக்கு நல்ல வெளிச்சத்திலும் தெரியவில்லை. நெய்தவரிடமே கேட்டேன். அவர் ஒரு முறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கதான் எங்கியோ" என்றார்.

மறுவாரம் அது ஆரணிக்குப் போய்விட்டது. தை மாதத்து முகூர்த்தத்துக்கு யாரோ வாங்கியிருப்பார்கள்.